மருத்துவமனையும் கணக்கும்: கருத்தரங்குகளில் கேட்ட ஆறு பாடங்கள்

மருத்துவம் படிக்காதவனுக்கு மருத்துவக் கருத்தரங்கில் என்ன வேலை என்று நம் சங்க நண்பர்கள் சிலர் என்னைக் கேட்கிறார்கள். நான் படித்தது பொறியியல் டிப்ளமா. பணி செய்தது ரயில்வேயில், பெட்டிகளையும் வண்டிகளையும் பழுதுபார்க்கும் பணிமனையில். ஓய்வு பெற்ற பின், மருத்துவமனைப் பதிவேட்டுப் பிரிவில் வேலை பார்க்கும் என் மருமகள் அழைத்ததால் இந்நகரத்து மருத்துவக் கல்லூரி ஒன்றில் நடக்கும் கருத்தரங்குகளுக்குச் சென்று பின் வரிசையில் அமரத் தொடங்கினேன். அங்கே பேசப்படுவது பெரும்பாலும் மருந்தைப் பற்றியல்ல, மருத்துவமனை என்னும் அமைப்பு எப்படி ஓடுகிறது என்பதைப் பற்றி. அது எனக்குப் பழக்கமான பேச்சு.

இக்கருத்தரங்குகளில் இரண்டு துறைகள் அடிபடுகின்றன. ஒன்று, மருத்துவச் சேவை ஆய்வு. ஒரு மாத்திரை ரத்தக் கொதிப்பைக் குறைக்கிறதா என்று பார்ப்பது மருந்து ஆய்வு. அந்த மாத்திரை நோயாளியின் கைக்கு வந்ததா, மாதா மாதம் கிடைத்ததா, அதற்காக அவர் எத்தனை நாள் கூலியை இழந்தார், முடிவில் கொதிப்பு அடங்கியதா என்று பார்ப்பது சேவை ஆய்வு. மற்றொன்று, மருத்துவத் தகவலியல். நோயாளியைப் பற்றிய செய்திகளை எப்படி எழுதுவது, எப்படிச் சேமிப்பது, ஓர் இடத்தில் எழுதியதை வேறோர் இடத்தில் எப்படிப் புரிந்துகொள்வது என்பதே அதன் பொருள். ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இவ்விரண்டும் நேரடியாகப் பயன்படும் என்பதால் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

கருத்தரங்கின் நடைமுறை எளிது. ஒருவர் முக்கால் மணி நேரம் தம் ஆய்வைப் படிப்பார். பிறகு கேள்விகள். உண்மையான பாடம் கேள்வி நேரத்தில்தான் கிடைக்கும். யார் பேசினாலும் மூன்று கேள்விகள் தவறாமல் எழும். எதனால் வகுத்தீர்கள்? யாரைக் கணக்கில் விட்டுவிட்டீர்கள்? எதனோடு ஒப்பிட்டீர்கள்? இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு கீழுள்ள பாடங்களைப் படிக்க வேண்டுகிறேன்.

1. எதனால் வகுப்பது?

செவிலியர் பணிக்குப் புகழ்பெற்ற ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் புள்ளியியலிலும் வல்லவர். 1858-இல் லண்டன் புள்ளியியல் கழகத்தின் முதல் பெண் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மருத்துவமனைகளைப் பற்றிய அவருடைய நூலின் 1863-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஓர் அட்டவணை உண்டு. 1861-இல் லண்டனின் 24 மருத்துவமனைகளில் இறப்பு விகிதம் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் என்று அது சொல்லியது. மருத்துவர்கள் கொதித்தெழுந்தார்கள்.

விஷயம் இதுதான். ஆண்டு முழுவதும் நேர்ந்த இறப்புகளை, ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் படுக்கையில் இருந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்திருந்தார்கள். ஒரே படுக்கையில் ஆண்டுக்குப் பல நோயாளிகள் வந்து போகிறார்கள். சேர்க்கப்பட்ட மொத்த நோயாளிகளால் வகுத்திருந்தால் விகிதம் பன்மடங்கு குறைந்திருக்கும். மேலே உள்ள எண் சரி, கீழே உள்ள எண்ணும் சரி, ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை.

ரயில்வேயில் அச்சுச் சூடேறும் நிகழ்வுகளை ஒப்பிடும்போதும் இதே சிக்கல் உண்டு. ஒரு கோட்டத்தில் 10, இன்னொன்றில் 20 என்று மட்டும் சொன்னால் ஒன்றும் விளங்காது. வண்டிகள் எத்தனை கிலோமீட்டர் ஓடின என்று கேட்க வேண்டும்.

இனி ஒரு கற்பனைக் கணக்கு. பள்ளிப் பிள்ளைகள் பேனா எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். பெரிய அரசு மருத்துவமனைக்கு 1000 நோயாளிகள் வந்தார்கள். 800 பேர் கடும் நோயாளிகள், அவர்களில் 80 பேர் இறந்தார்கள். 200 பேர் லேசான நோயாளிகள், 2 பேர் இறந்தார்கள். பளபளப்பான தனியார் மருத்துவமனைக்கும் 1000 பேர். கடும் நோயாளிகள் 100 பேரில் 12 பேரும், லேசான நோயாளிகள் 900 பேரில் 18 பேரும் இறந்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் அரசு மருத்துவமனையில் 8.2 சதவீதம், தனியாரில் 3 சதவீதம். ஆனால் பிரித்துப் பாருங்கள். கடும் நோயில் அரசு மருத்துவமனை 10 சதவீதம், தனியார் 12. லேசான நோயில் 1 சதவீதம், தனியார் 2. இரண்டு வகையிலும் அரசு மருத்துவமனையே மேல்! கடும் நோயாளிகளை அதிகம் ஏற்றுக்கொண்டதால் மொத்தக் கணக்கில் அதற்குக் கெட்ட பெயர். விளம்பரத்தில் வரும் சதவீதத்தைப் பார்த்து மருத்துவமனையைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

2. மூன்று படிகள்

பெய்ரூட்டில் பிறந்து அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர் அவெடிஸ் டொனபீடியன். மருத்துவத்தின் தரத்தை மூன்று படிகளில் பார்க்கலாம் என்று 1966-இல் எழுதினார். அமைப்பு, செயல்முறை, விளைவு என்பன அவை. கட்டடம், கருவி, ஆட்கள் ஆகியவை அமைப்பு. செய்ய வேண்டியதைச் செய்தார்களா என்பது செயல்முறை. நோயாளிக்கு என்ன ஆயிற்று என்பது விளைவு.

பணிமனையில் புதிய லேத் வந்தது அமைப்பு. சக்கரத்தை அளவுக்குள் கடைந்தது செயல்முறை. அந்தச் சக்கரம் அடுத்த காலமுறைப் பழுதுபார்ப்பு வரை தொந்தரவில்லாமல் ஓடியது விளைவு. நாம் மருத்துவமனையைப் புகழும்போது பெரும்பாலும் முதற்படியோடு நின்றுவிடுகிறோம். குளிர்சாதன அறை, புதிய ஸ்கேன் எந்திரம் என்று சொல்கிறோம். மற்ற இரண்டையும் கேட்பதில்லை.

3. ஊருக்கு ஊர் வேறுபாடு

பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொண்டையில் டான்சில் அறுவைச் சிகிச்சை செய்வது இங்கிலாந்தில் இடத்துக்கு இடம் பெரிதும் மாறுபடுவதை அலிசன் குளோவர் என்ற மருத்துவர் 1938-இல் எடுத்துக்காட்டினார். நோயின் அளவைக் கொண்டு அந்த வேறுபாட்டை விளக்க முடியவில்லை. பின்னர் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜான் வென்பெர்க்கும் ஆலன் கிட்டல்சனும் செய்த ஆய்வு 1973-இல் வெளியானது. மாநிலத்தை 13 மருத்துவமனைப் பகுதிகளாகப் பிரித்துப் பார்த்தார்கள். டான்சில் அறுவை ஒரு பகுதியில் பத்தாயிரம் பேருக்கு 13, இன்னொரு பகுதியில் 151.

மக்கள் ஒரே மாதிரியானவர்கள், பிள்ளைகளின் தொண்டையும் ஒன்றுதான். மாறுபட்டது பெரும்பாலும் மருத்துவர்களின் பழக்கம் என்ற முடிவுக்கு வென்பெர்க் வந்தார். ஆகவே அவசரமில்லாத அறுவைச் சிகிச்சை சொல்லப்பட்டால் மூன்று கேள்விகளைப் பணிவோடு கேட்கலாம். இப்போது செய்யாமல் சில மாதம் பொறுத்தால் என்ன ஆகும்? வேறு வழி உண்டா? இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேட்டு வரலாமா? நல்ல மருத்துவர் இதற்குக் கோபிக்க மாட்டார்.

4. வீட்டுக்குப் போன பின் என்ன ஆயிற்று?

பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன் ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை வைத்தார். ஓராண்டு கழித்து அவர் எப்படி இருக்கிறார் என்று விசாரித்து அதில் எழுதினார். பலன் இல்லையென்றால் ஏன் என்றும் எழுதினார். தாம் நடத்திய சிறு மருத்துவமனையிலிருந்து 1911 முதல் 1916 வரை வீடு திரும்பிய 337 நோயாளிகளின் சிகிச்சையில் 123 பிழைகளைத் தாமே கண்டறிந்து அச்சிட்டு வெளியிட்டார். எல்லா மருத்துவமனைகளும் இப்படிச் செய்ய வேண்டும் என்றார். சக மருத்துவர்கள் அவரை விரும்பவில்லை. ஆனால் இன்று உலகெங்கும் நடக்கும் மருத்துவத் தணிக்கைக்கு முன்னோடியாக அவரைத்தான் சொல்கிறார்கள்.

5. சரிபார்ப்புப் பட்டியல்

உலக சுகாதார நிறுவனம் அறுவைச் சிகிச்சைக்கு 19 இனங்கள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியலைத் தயாரித்தது. நோயாளி இவர்தானா, அறுக்க வேண்டிய இடம் இதுதானா, ஒவ்வாமை உண்டா, பஞ்சும் ஊசியும் எண்ணியாயிற்றா என்று வாய்விட்டுக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். எட்டு நகரங்களில், அவற்றில் தில்லியும் ஒன்று, இதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். 2009-இல் வெளியான முடிவின்படி இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆகவும் குறைந்தன.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 101 மருத்துவமனைகளில் இத்தகைய பட்டியல் வந்த பிறகு குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை என்று 2014-இல் இன்னோர் ஆய்வு சொல்லியது. ஏன் என்பதில் அறிஞர்களிடையே விவாதம் உண்டு. தாளில் குறியிடுவது வேறு, நின்று கேட்டுச் சரிபார்ப்பது வேறு என்பது ஒரு தரப்பின் விளக்கம். வண்டியின் அடியில் குனிந்து பிரேக்கைப் பார்க்காமல் படிவத்தில் மட்டும் ‘சரி’ என்று எழுதினால் என்ன ஆகும் என்பது ரயில்வேக்காரர்களுக்குத் தெரியும்.

6. பதிவு நோயாளியோடு பயணம் செய்ய வேண்டும்

லாரன்ஸ் வீட் என்னும் அமெரிக்க மருத்துவர் 1968-இல் ஒரு மாற்றத்தை முன்வைத்தார். மருத்துவக் குறிப்புகள் தேதி வாரியாகக் குவிந்து கிடந்தால் பயனில்லை. கோப்பின் முதல் பக்கத்தில் நோயாளியின் பிரச்சினைகள் எண்ணிட்ட பட்டியலாக இருக்க வேண்டும் என்றார். கணிப்பொறிப் பதிவேடுகளின் வளர்ச்சிக்கு அக்கருத்து பெரிதும் உதவியது.

கணிப்பொறிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஒருவர் பி.பி. என்று எழுதுகிறார், ஒருவர் ஹைப்பர்டென்ஷன் என்கிறார், ஒருவர் ரத்தக் கொதிப்பு என்கிறார். எந்திரம் இவற்றை மூன்று நோய்களாக எண்ணிவிடும். அதனால்தான் உலகப் பொதுக் குறியீடுகள் வந்தன. நோய்களின் பன்னாட்டு வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பில் இதற்கு ‘ஐ 10’ என்று குறியீடு. பதினோராம் பதிப்பு 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது.

நம் நாட்டில் 2021 செப்டம்பரில் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் நாடு முழுமைக்கும் தொடங்கப்பட்டது. விருப்பமுள்ளவர்கள் 14 இலக்க ‘ஆபா’ எண் பெறலாம். நோயாளி சம்மதித்தால் மட்டுமே பதிவுகளைப் பகிர வேண்டும் என்பது அதன் விதி. யார் கேட்டாலும் சம்மதம் என்று பொத்தானை அழுத்தாமல், எதற்கு, எத்தனை நாளுக்கு என்று படித்துப் பார்ப்பது நல்லது.

இதில் நமக்கு என்ன அக்கறை? எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று. மகனோடு இருக்க எழுபது வயதுத் தாயார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இங்கு வந்தார். சல்ஃபா வகை மருந்து அவருக்கு ஆகாது. ஊரில் இருபது ஆண்டாகப் பார்த்துவந்த மருத்துவருக்கு அது மனப்பாடம், தாளில் எங்கும் இல்லை. இங்கே சிறுநீர்த் தொற்று வந்தது. மகன் அலுவலகத்தில் இருந்தார். மருத்துவமனையில் இந்தியில் கேட்டார்கள், அம்மா தலையசைத்தார். அதே வகை மருந்து கொடுக்கப்பட்டது. உடம்பெல்லாம் கொப்புளம், பன்னிரண்டு நாள் படுக்கை. உயிர் பிழைத்தது பெரும்பேறு. கேட்க வேண்டியதைக் கேட்டார்கள், பதில் சொல்லத்தான் மொழி இல்லை.

எனவே ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கத் தாள் தயார் செய்யுங்கள். ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் ஒரு பிரதி, தமிழில் ஒன்று. அதில் இருக்க வேண்டியவை:

அ) பெயர், வயது, தொடர்பு கொள்ள வேண்டிய இருவரின் தொலைபேசி எண்.
ஆ) ஆகாத மருந்துகள். இதைச் சிவப்பு மையில் மேலேயே எழுதவும். இல்லையென்றால் ‘தெரிந்தவரை இல்லை’ என்று எழுதவும். வெற்றிடம் விடக்கூடாது.
இ) இருக்கும் நோய்கள், தொடங்கிய ஆண்டுடன்.
ஈ) உட்கொள்ளும் மருந்துகள், அளவு, வேளை. கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரும் தேவை. கம்பெனிப் பெயர் ஊருக்கு ஊர் மாறும்.
உ) செய்த அறுவைச் சிகிச்சைகள், உடலில் வைத்த ஸ்டென்ட், பேஸ்மேக்கர் போன்றவை.
ஊ) தாளை எழுதிய தேதி. மருந்து மாறும்போதெல்லாம் தாளும் மாற வேண்டும்.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது தரும் சுருக்கக் குறிப்பையும் பழைய ஈ.சி.ஜி.யையும் தூக்கி எறிய வேண்டாம். விடுமுறைக்கு ஊருக்குப் போகும் பெரியவர்களின் பையில் இந்தத் தாள் பயணச்சீட்டோடு இருக்கட்டும்.

இறுதியாக, சங்கச் செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். நாம் மருத்துவ முகாம் நடத்தி, இத்தனை பேருக்கு ரத்த அழுத்தம் பார்த்தோம் என்று அறிக்கை வாசிக்கிறோம். அது செயல்முறை மட்டுமே. அழுத்தம் அதிகம் என்று நாம் சொல்லி அனுப்பியவர்களில் எத்தனை பேர் மருத்துவரைப் பார்த்தார்கள், எத்தனை பேருக்கு அழுத்தம் அடங்கியது என்று மூன்று மாதம் கழித்துத் தொலைபேசியில் கேட்டுக் கணக்கெடுக்கலாம். அவரவர் அனுமதியுடன், பெயர்களை வெளியிடாமல் செய்ய வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகமும் இரண்டு இளைஞர்களும் போதும். அந்த நோட்டில் கோடு போட்டுத் தர நான் தயார்.