தொலைந்த திருகாணி

கேள்வி: எங்கள் பழைய சீமை மின்விசிறியின் திருகாணி ஒன்று தொலைந்துவிட்டது. புதிதாக வாங்கியது பாதியிலேயே இறுகி நின்றுவிடுகிறதே, ஏன்?

பதில்: 1841-ஆம் ஆண்டில் ஜோசப் விட்வொர்த் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் வகுத்த 55 பாகை மரையையோ, சிறு மின்சாதனங்களுக்கென அமைந்த 47½ பாகை பி.ஏ. (பிரிட்டிஷ் அசோசியேஷன்) மரையையோ தழுவியே அக்காலத்துச் சீமை யந்திரங்கள் பலவும் செய்யப்பட்டிருக்க, இந்நாளில் கடைகளில் சாதாரணமாய்க் கிடைப்பனவோ 60 பாகை மெட்ரிக் திருகாணிகளாதலின், கனம் ஒத்திருந்தும் மரை ஒவ்வாது போவது சகஜமே. ஆகையால், பலவந்தமாக முறுக்கி விசிறியின் உள்மரையையும் நாசமாக்கிவிடாமல், எஞ்சியுள்ள ஜோடித் திருகாணியைக் கழற்றி எடுத்துச் சென்று, பழைய இரும்புக் கடையில் அதனைக் கடைச் சரக்கோடு பக்கவாட்டில் சேர்த்துப் பிடித்து, ஒன்றன் மேடு மற்றதன் பள்ளத்தில் இடைவெளியின்றி முழுநீளமும் படிகிறதா என்று பரீட்சித்த பின்னரே வாங்குக. அங்கும் அகப்படாவிடில், அம்மாதிரியைக் கண்டு லேத் பட்டறைக்காரர் புதிதாகவே ஒன்று கடைந்து தருவார்.