கறை பல்லில், காரணம் தண்ணீரில்

கேள்வி: எங்கள் ஊர் பென்னாகரம் பக்கம். என் மகளுக்கு ஒன்பது வயது. புதிதாக முளைத்த பற்களில் பழுப்பு வரி விழுந்திருக்கிறது. பல் தேய்ப்பதில்லை என்று எல்லாரும் ஏசுவதால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கிறாள். ஒகேனக்கல் தண்ணீர் சில நாள்தான் வரும், மற்ற நாளெல்லாம் போர் தண்ணீர். காய்ச்சித்தான் கொடுக்கிறேன். வேறென்ன செய்ய?
- ஒரு தாய், தருமபுரி மாவட்டம்

பதில்: அது அழுக்கு இல்லை, அவள் தப்பும் இல்லை. இதை முதலில் மகளிடம் சொல்லுங்கள், அவளை ஏசுகிறவர்களிடமும் சொல்லுங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் ஃபுளோரைடு கறையாகத்தான் தோன்றுகிறது. பல் மருத்துவர் ஒருமுறை பார்த்து உறுதி செய்யட்டும். ஈறுக்குள் பல் உருவாகும் பருவத்தில், ஏறக்குறைய எட்டு வயது வரை, குடிக்கும் நீரில் ஃபுளோரைடு மிகுந்தால் எனாமல் சரியாக அமையாது. பிறகு எவ்வளவு தேய்த்தாலும் கறை போகாது. பல் மருத்துவரால் அதை ஓரளவு மறைக்க முடியும்.

உங்கள் பகுதிப் பாறைகளிலேயே ஃபுளோரைடு இருக்கிறது. ஆழத்தில் பாறையோடு நெடுங்காலம் கிடக்கும் நீரில் அது கரைகிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம்.

காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. நீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடவே செய்யும். ஆர்.ஓ. இயந்திரம் அதை நீக்கும். ஆனால் கூலி வேலைக்குப் போகும் குடும்பத்தைப் பார்த்து, தினம் கேன் வாங்குங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒகேனக்கல் தண்ணீர் வரும் நாளில் குடிக்கவும் சமைக்கவும் தனியே பிடித்து மூடி வையுங்கள். குளிக்க, துவைக்கப் போர் தண்ணீர் போதும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் நல்ல நீர் முதலில் அதற்கு. அதன் பற்கள் இனிமேல்தான் உருவாக வேண்டும். கேழ்வரகு, கீரை, நெல்லிக்காய், முடிந்தால் பால் கொடுங்கள். சத்துக் குறைந்த உடம்பை ஃபுளோரைடு கூடுதலாக வாட்டும். ஏழை வீடுகளில் பாதிப்பு கடுமையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பல ஆண்டுகள் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். இறுகியதை நிமிர்த்த மருந்து கிடையாது.

வீட்டுக்குள் செய்ய முடிவது இவ்வளவுதான். ஜப்பானியக் கடனுதவியோடு 2013இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஃபுளோரைடு பாதிப்பைக் குறைப்பதற்கென்றே வந்தது. சில நாள் மட்டும் நல்ல தண்ணீர் என்பதை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. ஊரிலுள்ள ஒவ்வொரு ஆழ்துளைக் கிணற்று நீரையும் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதிக்கச் சொல்லுங்கள். உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்று கிராம சபை கூடும். சோதனை முடிவை அங்கே வாசிக்கச் சொல்லுங்கள். மேல்நிலைத் தொட்டியில் இரண்டு நீரையும் கலக்கக் கூடாது, போர் தண்ணீருக்குத் தனிக் குழாய் வேண்டும் என்று தீர்மானம் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், இதே கறை உள்ள பிள்ளைகளின் தாய்மார்களையும் கூட்டிப் போங்கள். தீர்மானத்தின் நகலைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.