கட்சி ஓட்டும் கணக்கு ஓட்டும்

(இரண்டாம் ஆண்டு மின்னியல் மாணவன், ஏற்காடு)

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் கேட்டபோது டிரான்ஸ்பார்மரைப் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் இந்த ஆண்டு எனக்கு 18 வயது நிறைந்துவிட்டது. படிவம் 6 எழுதிக் கொடுத்தாயிற்று. அடுத்து எந்தத் தேர்தல் வந்தாலும் எனக்கும் ஒரு ஓட்டு உண்டு. அதை எப்படிப் போடுவது என்ற குழப்பத்தில் நூலகத்தில் தேடிப் படித்ததையும், எங்கள் மலையில் பார்த்ததையும் கேட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

ஏற்காடு ஏரியைப் பார்க்க வந்தவர்களுக்கு ஒண்டிக்கடை தெரிந்திருக்கும். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால் வருகிற ரவுண்டானா அது. எங்கள் ஊருக்குப் போக அங்கே இறங்கித்தான் போக வேண்டும். தேர்தல் என்றால் கட்சி வண்டி, மைக்செட், மாலை மரியாதை எல்லாம் அங்கேதான். நாங்கள் மலையாளி இனத்தவர். கேரளத்து மலையாளி இல்லை, மலையை ஆள்கிற மலையாளி. (ஹாஸ்டலில் இதை விளக்கியே எனக்கு வாய் வலித்துவிட்டது.) ஏற்காடு பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதி. மலை மட்டுமல்ல, கீழே வாழப்பாடி பக்கத்துச் சமவெளியும் அதில் சேர்ந்தது.

எங்கள் வீட்டில் அப்பா இரட்டை இலை. அம்மாவின் அண்ணன், என் மாமா, உதயசூரியன். அப்பா ஐந்தாம் வகுப்பு வரை போனதற்குக் காரணமே 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்த சத்துணவுத் திட்டம்தான். "அந்தச் சோறு இல்லீன்னா நான் பள்ளிக்கூடத்து வாசல்ல கூட நின்னுருக்க மாட்டேன் சாமி" என்பார். மாமா விடமாட்டார். "1990-ல கலைஞர் ஆட்சியில நம்ம சனத்துக்குன்னு 1 சதவீதம் தனியாப் பிரிச்சாங்களே, உன் மவன் பாலிடெக்னிக் போனது எதுல மாப்ளே?" என்பார். இரண்டும் உண்மைதான். ஒரு கட்சியின் சோறும் இன்னொரு கட்சியின் சீட்டும் சேர்ந்துதான் எங்கள் வம்சத்தில் முதல் டிப்ளமோக்காரனாக என்னை ஆக்கியிருக்கின்றன. ஆகவே கட்சி விசுவாசத்தை மூடத்தனம் என்று சில நண்பர்கள் சொல்லும்போது எனக்கு ஒப்பவில்லை. அது நன்றியின் கணக்கு.

ஆனால் நன்றிக்கும் ஒரு சிக்கல் உண்டு. தாத்தாவின் கதையைக் கேளுங்கள். வலது முன்கையில் இரட்டை இலையைப் பச்சை குத்திக்கொண்டவர் அவர். 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைந்தார், கட்சி இரண்டாகப் பிளந்தது, தேர்தல் ஆணையம் சின்னத்தை முடக்கியது. 1989 சட்டமன்றத் தேர்தலில் ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப்புறா. வாக்குச்சீட்டை விரித்துப் பார்த்த தாத்தா, இலையைக் காணாமல் வெகுநேரம் நின்றுவிட்டு, முத்திரை குத்தாமலேயே மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாராம். அந்தத் தேர்தலில் திமுக பெற்ற வாக்கு ஏறத்தாழ 33 சதவீதம். அதிமுகவின் இரண்டு அணிகளும் சேர்ந்து 30 சதவீதம். காங்கிரஸ் தனியாக 20 சதவீதம். ஆனால் 234 இடங்களில் 150 திமுகவுக்கு! மூன்று சதவீத வித்தியாசம் எப்படி இவ்வளவு பெரிய மலையாயிற்று? இந்தக் கேள்விதான் என்னைப் படிக்க வைத்தது.

காரணம் நம் தேர்தல் முறையில் இருக்கிறது. தொகுதியில் யார் ஒரு ஓட்டு அதிகம் வாங்குகிறாரோ அவர் ஜெயித்தார். பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்ற விதி கிடையாது. இப்படிப்பட்ட முறை இருக்கும் நாட்டில் நாளாவட்டத்தில் இரண்டு பெரிய கட்சிகளே நிலைக்கும் என்று 1951-ல் மோரிஸ் துவெர்ஜே என்ற பிரெஞ்சு அறிஞர் எழுதினார். மூன்றாவது கட்சியைப் பிடித்தவன்கூட "ஓட்டு வீணாகிவிடுமே" என்று பயந்து, முதல் இரண்டில் தனக்குக் கொஞ்சமாவது பிடித்ததற்குப் போட்டுவிடுவான் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. இதைத்தான் நான் கணக்கு ஓட்டு என்கிறேன்.

புரியவில்லையா? எங்கள் ஹாஸ்டலுக்கு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு என்ன என்று 60 பேர் கை தூக்கினோம். கோழிக் குழம்புக்கு 26, முட்டை பிரியாணிக்கு 20, மீன் குழம்புக்கு 14. கோழி ஜெயித்தது. மீன்காரர்கள் 14 பேருக்கும் எங்கள் மெஸ் கோழிக் குழம்பு என்றாலே ஆகாது. பிரியாணி என்றால் சாப்பிடுவார்கள். அடுத்த மாதம் அவர்களில் 7 பேர் மட்டும் பிரியாணிக்குக் கை மாற்றினார்கள். 20-ம் 7-ம் 27. கோழி ஒரே ஒரு கையில் தோற்றது! மீதி 7 மீன்காரர்கள் "நாங்கள் கொள்கை மாறாதவர்கள்" என்று சொல்லிக்கொண்டே முதல் ஆளாகப் பிரியாணிக்குத் தட்டைத் தூக்கி நின்றது தனிக்கதை.

அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு இது பெரிய அளவில் நடந்தது. புளோரிடா மாநிலத்தில் புஷ், அல் கோரை 537 ஓட்டில் முந்தி ஜனாதிபதி ஆனார். அங்கே மூன்றாவது ஆளான ரால்ப் நேடர் வாங்கியது 97,000-க்கும் மேல். நம் ஊரில் 2016-ல் அதிமுகவுக்கும் திமுக கூட்டணிக்கும் மாநில அளவில் ஏறத்தாழ ஒரு சதவீதம்தான் இடைவெளி. ராதாபுரத்தில் 49 ஓட்டில் முடிவு அறிவிக்கப்பட்டது. மூன்றாவதாக நின்ற தேமுதிக - மக்கள் நலக் கூட்டணிக்கு ஓரிடம்கூட இல்லை. இப்படி நெருக்கமான இடத்தில்தான் கணக்கு ஓட்டுக்கு வேலை. 30,000 வித்தியாசம் வருகிற தொகுதியில் நாம் எதற்குப் போட்டாலும் முடிவு மாறாது. அங்கே மனதுக்குப் பிடித்தவருக்குத் தாராளமாகப் போடலாம்.

இப்போது எங்கள் தொகுதிக்கு வருகிறேன். 2011-ல் அதிமுகவின் பெருமாள் 37,582 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 2013-ல் அவர் இறந்ததால் டிசம்பர் 4-ஆம் தேதி இடைத்தேர்தல் வந்தது. நான் அப்போது ஒன்றாம் வகுப்பு. காப்பிப் பழம் பறிக்கிற காலம். ஒண்டிக்கடையில் அவ்வளவு வெள்ளைக் கார்களை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. களத்தில் இருந்த பெரிய கட்சிகள் இரண்டே. மற்றவர்கள் சுயேச்சைகள். ஏறத்தாழ 89 சதவீதம் ஓட்டுப் பதிவாயிற்று. பெருமாளின் மனைவி சரோஜா, திமுகவின் மாறனை 78,116 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். இரண்டே ஆண்டில் வித்தியாசம் இரண்டு மடங்குக்கு மேல்!

அத்தனை பேரும் திடீரென்று இரட்டை இலை விசுவாசிகள் ஆகிவிட்டார்களா? அம்மாவைக் கேட்டேன். "ஆட்சி எப்படியும் அவங்களோடதுதான். எதிர்க்கட்சி ஆளை அனுப்பிச்சா ரெண்டரை வருசம் அவர் மனு குடுத்துட்டே உக்காந்திருப்பாரு. ரோடு யாரு போடுவா?" என்றார். அண்ணனுக்குத் தெரியாமல் போட்ட ஓட்டு அது. துவெர்ஜேயைப் படிக்காமலே அம்மா போட்ட கணக்கு! அரசைக் கவிழ்க்கவோ காக்கவோ முடியாத இடைத்தேர்தலில் ஆளுங்கட்சி வழக்கமாக ஜெயிப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன். பணமும் அதிகாரமும் மட்டுமே காரணம் என்று சொல்வது அம்மா போன்றவர்களை அவமதிப்பதாகும்.

அந்தத் தேர்தலில் இன்னொரு விசேஷம். 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, தமிழ்நாட்டில் முதன்முதலாக நோட்டா பட்டன் வைக்கப்பட்டது எங்கள் ஏற்காட்டில்தான். 4,431 பேர் அதை அழுத்தினார்கள். தாத்தா 1989-ல் காலிச் சீட்டாகப் போட்டதற்கு 24 ஆண்டு கழித்து ஒரு பட்டன் வந்தது. ஆனால் நோட்டா முதலிடம் பெற்றாலும் அடுத்து நிற்கும் வேட்பாளரே வென்றவர். அது கோபத்தை எண்ணிக் காட்டுமே தவிர, ஆளை மாற்றாது.

அம்மாவின் கணக்கும் எப்போதும் பலிக்காது. 2021-ல் ஏற்காடு மறுபடியும் அதிமுகவைத் தேர்ந்தெடுத்தது, ஆட்சி திமுகவுக்குப் போயிற்று.

என்னை உறுத்துவது வேறு. மாலை ஆறு மணிக்கு மேல் எங்கள் ஊருக்குப் பஸ் கிடையாது. ஒண்டிக்கடையில் இறங்கி இருட்டில் நடக்க வேண்டும். ஒவ்வொரு தேர்தலிலும் இரண்டு பக்கமும் பஸ் விடுவதாகச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டைக் கடக்கும்போது ஒரு கட்சிக்காரர் "நம்ம வீடு, எதுக்கு நேரத்தை வீணாக்கணும்" என்று போகிறார். இன்னொருவர் "அந்த வீடு நமக்குப் போடாது" என்று போகிறார். அப்பாவின் ஓட்டு எங்கே விழும் என்று ஊருக்கே தெரியும். அதனால் அவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. பக்கத்து வீட்டில், இன்னும் முடிவு செய்யவில்லை என்று சொல்கிற பெரியவர் திண்ணையில் இரண்டு கட்சியும் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போகின்றன. கட்சி தாவினால் பதவி போகும் என்று 1985-ல் சட்டம் வந்தது எம்.எல்.ஏ., எம்.பி.க்களுக்குத்தான், அப்பாவுக்கு இல்லை. இதை அவரிடம் சொன்னால், "சோறு போட்டவனை விலை பேசச் சொல்றியா?" என்று கேட்கிறார். அதற்கு என்னிடம் இன்னும் சரியான பதில் இல்லை.

போன மாதம் லீவு முடிந்து கிளம்பும்போது ஒண்டிக்கடையில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு அப்பா கேட்டார், "பேரு வந்துருச்சின்னா யாருக்குச் சாமி போடுவ?"

"நிக்கிறது யாரு, போட்டி எப்படின்னு பார்த்துட்டுத்தாம்ப்பா. ஆனா யாருக்குன்னு சொல்ல மாட்டேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "நம்ம வூட்ல இதுவரைக்கும் யாரும் அப்படிச் சொன்னதில்லையே" என்றார். சேலம் பஸ் வந்துவிட்டது. ஜன்னல் வழியாக என் பையைத் தூக்கிக் கொடுத்தவர், "உங்க மாமங்கிட்டயும் சொல்லாத" என்றார்.