ஒழுகாத கூரையில் பூஞ்சை ஏன்?

கேள்வி: டொரன்டோவில் வீடு வாங்கியிருக்கிறோம். கூரைக்கு அடியிலுள்ள அட்டிக்கில் பனிக்காலம் வந்தால் பலகைகள் கறுத்துப் பூஞ்சை பிடிக்கின்றன. கூரை ஒழுகவில்லை. என்ன செய்வது?

பதில்: ஈரம் வீட்டுக்குள்ளிருந்துதான் ஏறுகிறது. குளியல், சமையல், துணி உலர்த்தல் ஆகியவற்றின் ஆவி சீலிங் இடுக்குகள் வழியே மேலே போய், குளிர்ந்த பலகையில் பட்டு நீராகிறது. குளியலறை விசிறியின் குழாய் எங்கே முடிகிறது என்று முதலில் பாருங்கள். அட்டிக்குக்குள்ளேயே முடிந்தால் வெளியே நீட்டச் சொல்லுங்கள். விளக்கு, வயர் துளைகளையும் அட்டிக்கில் ஏறும் கதவின் விளிம்பையும் காற்றுப் புகாமல் அடையுங்கள். இறவாரத்துக் காற்றுத் துளைகளை இன்சுலேஷன் மூடியிருந்தால் விலக்கிவிடுங்கள். வீட்டினுள் ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். கடுங்குளிரில் 30 போதும். ஈரத்தை நிறுத்தாமல் பிளீச் தெளித்தால் காசுதான் வீண். அடுத்த பனிக்காலத்தில் பூஞ்சை மறுபடி வரும்.