இசைப் பாடம்: ஜாஸ் கலந்த மின்னணு இசை இன்னும் புதிதா?

கௌதள்ளியில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு மிருதங்கம் சொல்லித் தருகிறேன். அவர்களில் ஒருவன், பத்தாம் வகுப்பு மாணவன், மிருதங்கத்தை விட்டுவிட்டு மடிக்கணினியில் இசையமைக்கப் போவதாகச் சொல்கிறான். ஜாஸ் சாயல் கொண்ட மின்னணு இசைதான் அவனுக்கு உயிர். "இதெல்லாம் புதுசு சார், உங்க காலத்துல ஏது?" என்பது அவன் கட்சி. பெற்றோர் என்னிடம் யோசனை கேட்டார்கள். இதே வழக்கு நம்மில் பல வீடுகளில் நடப்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஒலியைப் பொறுத்தவரை அது புதிதல்ல. மைல்ஸ் டேவிஸ் 1972இல் வெளியிட்ட 'ஆன் தி கார்னர்' இசைத்தட்டில் மின்கிதாரோடு தபலாவும் ஒலிக்கிறது. அடுத்த ஆண்டே ஹெர்பி ஹான்காக் 'ஹெட் ஹன்டர்ஸ்' தட்டில் சிந்தசைசரை ஜாஸின் கூடத்து நடுவில் உட்கார வைத்துவிட்டார். பம்பாயில் சரண்ஜித் சிங் 1982இல் பத்து ராகங்களை மின்னணு இயந்திரங்களில் வாசித்துப் பதிவு செய்தார். அன்று அதைச் சீந்துவாரில்லை. 2010இல் மறுபதிப்பு வந்த பிறகுதான் உலகம் வியந்தது. தமிழில் 1986இல் வந்த 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கணிப்பொறியைப் பயன்படுத்தியதை நம் தலைமுறை மறந்திருக்காது.

ஆனால் ஜாஸின் உயிர் ஒலியில் இல்லை. நாம் மனோதர்மம் என்கிறோமே, அந்த இடத்தில்தான் இருக்கிறது. மைசூர் அரண்மனை வாத்தியக் குழுவில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கிய கத்ரி கோபால்நாத், அதைக் கர்நாடக இசைக்கு வளைத்தார். 1994இல் ரகுமான் இசையமைத்த 'டூயட்' படத்தில் வாசித்தவரும் அவரே. அந்தக் கமகம் இன்றும் எனக்குப் பழசாகவில்லை. இப்போது வருவதில் பாதி, சுழலும் தாளத்தின் மேல் ஒட்டவைத்த சாக்ஸபோன்தான்; கடையில் தைத்து வைத்த சட்டை மாதிரி. ஃப்ளையிங் லோட்டஸ் போன்ற சிலர் வேறு ரகம். அவருடைய தாளம் கட்டத்துக்குள் விழாமல் சற்றே தள்ளி விழும். (என் மனைவிக்கு அது தலைவலி!)

ஆகவே பெற்றோரிடம் நான் சொன்னது: கணினி வாங்கிக் கொடுங்கள், மிருதங்கத்தை மட்டும் விற்றுவிடாதீர்கள். கணினி தானாக நான்கு நான்காகத்தான் எண்ணும்; ஐந்தையும் ஏழையும் அதற்குச் சொல்லித்தர ஆள் வேண்டும்.

வீட்டில் செய்து பார்க்க ஒரு பயிற்சி. கைபேசித் தாளச் செயலியில் நான்கு தட்டுத் தாளத்தை மெதுவாக ஓடவிடுங்கள். தட்டுக்கு ஓர் எழுத்தாக 'தகதகிட' என்று ஐந்தெழுத்துச் சொல்லுங்கள். நான்கு முறை சொன்னால் இருபது தட்டு. இயந்திரம் அதற்குள் ஐந்து சுற்று முடித்திருக்கும். அடுத்த 'த' இரண்டுக்கும் முதல் தட்டில் விழ வேண்டும். அது பழகியபின் ஏழெழுத்தில் 'தகிடதகதிமி' சொல்லிப் பாருங்கள். எத்தனையாவது தட்டில் சேரும் என்பதைப் பிள்ளைகளே கணக்கிடட்டும்.