பெல்ஜியத்துக்கு அரை நாள் போதாது

ஐரோப்பா பேக்கேஜ் டூர்களில் பெல்ஜியத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் அரை நாள்தான். பாரிஸிலிருந்து ஆம்ஸ்டர்டாம் போகும் வழியில் பிரஸ்ஸல்ஸில் பஸ்ஸை நிறுத்துவார்கள். கிராண்ட் பிளாஸ் சதுக்கத்தையும் சிறுநீர் கழிக்கும் சிறுவன் சிலையையும் காட்டிவிட்டு, சாக்லேட் வாங்க அரை மணி நேரம் கொடுத்து, மறுபடி ஏற்றிக்கொள்வார்கள். சொந்தமாகத் திட்டமிட்டுப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஐந்து நாள் ஒதுக்குங்கள், இரண்டே ஊர்களில் தங்குங்கள். இந்த நாட்டின் நல்ல பண்டங்கள் பலவும், நல்ல கைவேலையும், அவை பிறந்த ஊரில் நின்று பார்க்கிறவர்களுக்கே முழுதாகக் கிடைக்கும்.

எங்கே தங்குவது?

கென்ட்டில் மூன்று இரவு, ப்ரூஜில் இரண்டு இரவு. கென்ட்டிலிருந்து பிரஸ்ஸல்ஸுக்கும் ப்ரூஜுக்கும் ரயிலில் அரை மணி நேரம்தான் ஆகும். உள்நாட்டு ரயில்களில் இருக்கை முன்பதிவு கிடையாது; டிக்கெட் வாங்கி ஏறிவிடலாம்.

ப்ரூஜுக்குப் பகலில் வந்து மாலையில் திரும்புகிறவர்கள்தான் அதிகம். அங்கேயே தங்கினால் காலை எட்டு மணிக்குக் கால்வாய்க் கரை உங்களுக்கே சொந்தம். 1245இல் தொடங்கிய, பெகின்கள் எனப்பட்ட பக்திச் சமூகப் பெண்களின் குடியிருப்பு, வெள்ளைச் சுவர் வீடுகளும் உயர்ந்த மரங்களுமாக அமைதியாக இருக்கும். 83 மீட்டர் மணிக்கூண்டில் 366 படிகள். முழங்கால் வலி உள்ளவர்கள் ஏற வேண்டாம். மணியோசையைக் கீழே சதுக்கத்தில் உட்கார்ந்தே கேட்கலாம். மதியம் ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்து, மரங்கள் வரிசைகட்டிய கால்வாயோரமாக ஆறேழு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் டாம் என்ற சிற்றூருக்குப் போய் வாருங்கள். சமதளப் பாதை, அவசரமில்லாமல் மிதிக்கலாம்.

லேஸ் வாங்கும் முன் பாருங்கள்

ப்ரூஜின் பழைய கைத்தொழில் லேஸ் பின்னுவது. அங்குள்ள லேஸ் மையத்தில் பெரும்பாலும் மதிய வேளையில் செயல்விளக்கம் உண்டு. கெட்டியான திண்டின்மேல் மாதிரிப்படத்தை விரித்து, குண்டூசிகளைக் குத்தியிருப்பார்கள். ஒவ்வொரு நூலின் நுனியிலும் ஒரு சின்ன மரக்கட்டை தொங்கும். கட்டைகளை ஜோடி ஜோடியாக எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றைக் கடத்துவது, முறுக்குவது என இரண்டே அசைவுகள். அந்த இரண்டிலிருந்துதான் பூவும் இலையும் வலையும் உருவாகின்றன. கட்டைகள் மோதிக்கொள்ளும் சத்தம் மட்டும் அறையில் கேட்டுக்கொண்டிருக்கும். ஒரு மணி நேரத்தில் லேஸ் ஒரு விரல் அகலம்கூட நகர்ந்திருக்காது.

இதைப் பார்த்தபின் கடைக்குப் போங்கள். கைக்குட்டைகள் குவியல் குவியலாக, மலிவாகக் கிடந்தால் அவை இயந்திரத்தில் செய்தவை. முதல் பயணத்தில் நானும் அப்படி ஒன்றைக் கைவேலை என்று நம்பி வாங்கினேன். கையால் செய்ததா, எங்கே செய்தது என்று கேட்டு, அதை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். சின்னத் துண்டானாலும் உண்மையானதை வாங்குவதே அந்தக் கைகளுக்கு மரியாதை.

இனிப்பை எப்படிச் சாப்பிடுவது?

பிரஸ்ஸல்ஸில் நொய்ஹாவுஸ் என்ற சாக்லேட் தயாரிப்பாளர் 1912இல், மெல்லிய சாக்லேட் ஓட்டுக்குள் பூரணம் வைத்து உருவாக்கியதுதான் பிரலின். அவருடைய கடை இருந்த கண்ணாடிக் கூரைக் கடைத்தெரு 1847இல் திறக்கப்பட்டது. மழை நாளில் நிதானமாக நடக்க ஏற்ற இடம். அலங்காரப் பெட்டியை எடுக்காமல், நீங்களே பத்துப் பன்னிரண்டு வகைகளைத் தேர்ந்து, எடைபோட்டு வாங்குங்கள். மது கலந்ததை முதலிலேயே கேட்டு ஒதுக்கலாம்.

வாஃபிளில் இரண்டு வகை உண்டு. பிரஸ்ஸல்ஸ் வகை நீள்சதுரமாக, லேசாக, மொறுமொறுப்பாக இருக்கும். லியேஜ் வகையில் கெட்டி மாவில் சர்க்கரைக் கற்கள் கலந்திருக்கும். அவை சூட்டில் உருகி வெளியே பொன்னிறமாக ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் கிரீமோ பழமோ வேண்டாம். சூடாக, கையிலேயே வைத்துச் சாப்பிடுங்கள்.

சைவர்கள் கவனத்துக்கு: உருளைக்கிழங்கு வறுவலை மாட்டுக் கொழுப்பில் பொரிப்பது அங்கே பழைய வழக்கம். கேட்காமல் வாங்காதீர்கள். கென்ட் நகரம் 2009 முதல் வியாழக்கிழமையைச் சைவ நாளாகக் கொண்டாடுகிறது. சைவ உணவு தேடி அலைய வேண்டியதில்லை.

நதியோரம் ஒரு நாள்

மலையும் ஆறும் பார்க்க டினான் போங்கள். பிரஸ்ஸல்ஸிலிருந்து ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆகும். கென்ட்டிலிருந்து அதிகாலையில் கிளம்ப வேண்டும். நமூர் தாண்டியதும் ரயில் மியூஸ் நதியை ஒட்டியே போகும். பாறைக்கு மேல் கோட்டை. 408 படிகள் ஏறலாம், கேபிள் காரும் உண்டு. மாவும் தேனும் மட்டும் சேர்த்து, மர அச்சில் பதித்துச் சுடும் கூக் பிஸ்கட் இவ்வூரின் அடையாளம். கல் போன்ற கடினம். கடிக்காதீர்கள், உடைத்து வாயில் ஒதுக்கிக்கொள்ளுங்கள், அல்லது காபியில் நனைத்துச் சாப்பிடுங்கள்.

கிளம்பும் முன்

* மே, ஜூன், செப்டம்பர் ஏற்ற மாதங்கள். ஜூலையில் கென்ட் நகரத் திருவிழா நடக்கும் பத்து நாளில் அறை கிடைப்பது கடினம்.
* ஷெங்கன் விசாவுக்கு, அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும்.
* திங்கட்கிழமை பல அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை.
* டச்சு பேசும் பகுதியில் ஊர்ப் பெயர்கள் மாறும். லியேஜ் அங்கே லுயிக். மோன்ஸ் அங்கே பெர்கென்.
* தெருவெல்லாம் கல் பாவியது. கெட்டி அடிப்பாகமுள்ள செருப்பு, சின்னப் பெட்டி போதும்.
* பிரலினைக் கடைசி நாளில் வாங்கிக் கைப்பையில் வையுங்கள்.

ஒன்றை மட்டும் ஊருக்குக் கொண்டுவர நினைக்காதீர்கள். கென்ட்டின் தள்ளுவண்டிகளில் கூம்பு வடிவில், கருஞ்சிவப்பு நிறத்தில் விற்கும் குபெர்டான் மிட்டாய். மேலே மெல்லிய ஓடு, உள்ளே ராஸ்பெர்ரிப் பாகு. மூன்று வாரம் போனால் பாகு உறைந்து சர்க்கரையாகிவிடும். சிலவற்றில் ஜெலட்டின் சேர்ப்பதால் சைவர்கள் கேட்டு வாங்குங்கள். நாலைந்து வாங்கி, ஆற்றங்கரைப் படியில் உட்கார்ந்து, பாகு விரலில் வழியும் முன் அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள்.