பெயரும் மரபும்: ஆக்கக் கோப்புகளைக் கருவிக்கு அறிவித்தல்

பெயர்ச்சொற்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் நன்னூலார் பகுத்தமையை மாணவர் நன்கு அறிவர். முள்ளுடைய செடிகள் பலவாயினும் 'முள்ளி' என்னும் பெயர் அவற்றுள் ஒன்றற்கே உரியது. இதனைக் காரண இடுகுறி என்பர். கணிப்பொறி வழக்கிலும் இத்தகைய பெயர் ஒன்று உண்டு. அது 'மேக்ஃபைல்' என்பது. ஆக்குவதற்கு உதவும் கோப்புகள் பலவாயினும், மேக் என்னும் கருவி படிக்கும் கட்டளைக் கோப்பிற்கே அப்பெயர் வழங்குகின்றது. அம்மரபினின்று விலகி வேறு பெயர் சூட்டினால் கருவிகள் அக்கோப்பினை இனங்காண மாட்டா. அவற்றிற்கு அதனை அறிவிக்கும் முறையினை ஈண்டு நோக்குவோம்.

தமிழ்த் துறை மலரில் இப்பொருள் எதற்கு எனச் சான்றோர் வினவலாம். இன்று சொல்லடைவு தொகுக்கும் மாணவரும், லேடெக் வழியாக ஆய்வேட்டினை அச்சிற்கு ஒழுங்கு செய்யும் மாணவரும் இக்கருவியைக் கையாளுகின்றனர். இருபது இயல்களுள் ஒன்றைத் திருத்தினால், அதனைச் சார்ந்தவற்றை மட்டும் மீண்டும் ஆக்குவது மேக்கின் இயல்பு. கோப்புகள் இறுதியாகத் திருத்தப்பெற்ற நேரங்களை ஒப்பிட்டு, மூலம் புதிதாகவும் விளைவு பழையதாகவும் இருப்பின் அப்பணியை மட்டும் அது செய்யும். ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் என்பார் பெல் ஆய்வகத்தில் 1976ஆம் ஆண்டு இதனை உருவாக்கினார்.

குனு மேக், பெயர் கூறாது ஏவப்பெறின், இருக்கும் அடைவில் மூன்று பெயர்களை வரிசையாகத் தேடும். முதலாவது 'குனுமேக்ஃபைல்', அடுத்தது சிறிய எழுத்தில் தொடங்கும் 'மேக்ஃபைல்', மூன்றாவது பெரிய எழுத்தில் தொடங்கும் 'மேக்ஃபைல்'. லினக்ஸில் பின்னிரண்டும் ஒருங்கே இருக்கக்கூடும். அவ்வாறிருப்பின் சிறிய எழுத்தினதே கொள்ளப்படும். இம்மூன்றும் அல்லாத பெயராயின், 'மேக் -எஃப்' என எழுதி அதனை அடுத்துக் கோப்பின் பெயரைத் தருதல் வேண்டும். மாணவர் பலர் இத்துடன் பணி முடிந்ததெனக் கருதுவர். முடியவில்லை. ஆக்கும் கருவி வேறு, எழுதும் கருவி வேறு. ஒன்றனுக்குச் சொன்னது மற்றொன்றன் செவியில் விழாது.

எழுதும் கருவி கோப்பினை இனங்காணாவிடின் வண்ணம் மட்டுமே குறையும் என்பார் உளர். அஃது உண்மையன்று. மேக் கோப்பில் கட்டளை வரி ஒவ்வொன்றும் டேப் குறியுடன் தொடங்குதல் மரபு. எளிய உரைக்கோப்பு என்று கருதும் விஷுவல் ஸ்டூடியோ கோட், நாம் டேப் விசையை அழுத்தினாலும் இயல்பாக வெற்றிடங்களையே இடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மேக்கோ 'மிஸ்ஸிங் செபரேட்டர்' என்று கூறி நின்றுவிடும். மேக் கோப்பெனத் தெரிந்தால் அதே பதிப்பான் மெய்யான டேப்பினை இடும். இந்த டேப் விதியைப் பின்னர் மாற்ற ஃபெல்ட்மன் எண்ணியதுண்டு. அதற்குள் ஏறத்தாழப் பன்னிருவர் பயன்படுத்தத் தொடங்கியமையால் அவர்களுக்கு இடர் தரலாகாதெனக் கைவிட்டாராம். பன்னிருவர் பொருட்டு நின்ற விதி இன்று உலகெங்கும் நிற்கின்றது!

விகுதியால் அறிவித்தல்

வந்தான், வந்தாள் என்பவற்றில் பால் காட்டுவது விகுதி. கோப்புப் பெயரிலும் புள்ளிக்குப் பின் வரும் ஈறே பெரும்பாலும் வகையைக் காட்டும். 'மேக்ஃபைல்' ஈறின்றித் தனித்து நிற்கும் பகுதியாதலால், அதன் முழுப்பெயரே அடையாளம். வேறு பெயர் வேண்டுவோர் 'எம்கே' என்னும் ஈற்றினைச் சேர்ப்பதே எளிய வழி; பதிப்பான்கள் பலவும் அதனை அறியும்.

ஈறு சேர்க்க இயலாத இடத்து, விஷுவல் ஸ்டூடியோ கோடின் அமைப்புகளில் 'ஃபைல்ஸ்.அசோசியேஷன்ஸ்' என்னும் பகுதியில் பெயரின் வடிவத்தை இடப்புறமும் 'மேக்ஃபைல்' என்னும் மொழிப்பெயரை வலப்புறமும் எழுதுக. பெயரின் தொடக்கம் மட்டும் நிலையானதாயின் இறுதியில் உடுக்குறி இடலாம். இதனைத் திட்டத்தின் உள்ளேயே இருக்கும் அமைப்புக் கோப்பில் எழுதினால் உடன் பணிபுரிவோர் அனைவர்க்கும் அது பயன்படும். தம் கணிப்பொறியில் மட்டும் எழுதினால் தமக்கே பயன்படும். விம் பதிப்பானில் 'ஆட்டோகமாண்ட்' வரி ஒன்றும், ஈமாக்ஸில் 'ஆட்டோ-மோட்-அலிஸ்ட்' பட்டியலும் இப்பணியைச் செய்வன.

பாயிரத்தால் அறிவித்தல்

நூலின் இயல்பினைப் பாயிரம் முன்னர் உணர்த்துவது போலக் கோப்பே தன் வகையினைச் சொல்லிக்கொள்ளலும் உண்டு. ஈமாக்ஸிற்கு முதல் வரியில், விமிற்கு முதல் ஐந்து வரிகளிலோ இறுதி ஐந்து வரிகளிலோ, குறிப்புரையாக எழுதினால் போதும். கோப்பு எங்குச் சென்றாலும் அறிவிப்பும் உடன் செல்லும் என்பது இதன் சிறப்பு. ஆயின் விஷுவல் ஸ்டூடியோ கோட் இக்குறிப்பினைத் தானாகப் படிப்பதில்லை. பாதுகாப்புக் கருதி விமிலும் சில இடங்களில் இவ்வசதி அடைக்கப்பட்டிருக்கும்.

மூன்றாவது ஒருவரும் உளர். பதிப்பானுக்குள் இருந்தே ஆக்கத்தை நிகழ்த்தும் துணைநிரலுக்குத் தனியே சொல்லுதல் வேண்டும். 'மேக்ஃபைல் டூல்ஸ்' நிரலில் 'மேக்ஃபைல்பாத்' என்னும் அமைப்பு இதற்குரியது. எக்லிப்ஸில் இயல்பான ஆக்கக் கட்டளையை நீக்கி, '-எஃப்' சேர்ந்த கட்டளையை எழுதுவர்.

தமிழிற் பெயரிடுங்கால்

கோப்பிற்குத் 'தொகுப்பு' எனத் தமிழிலேயே பெயரிட மாணவர் விழைவது இயல்பு. யூனிகோடு அதற்கு இடந்தருகின்றது. எனினும் ஒரு நுட்பம் உளங்கொள்ளத்தக்கது. 'தொ' என்னும் எழுத்தில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பு, கால் என இரு குறியீடுகளாகவும் எழுதலாம். இரண்டும் நிகரானவை என்பதே யூனிகோடின் கொள்கை. ஆனால் லினக்ஸின் கோப்பு முறைகள் பொதுவாகக் குறியீடுகளை உள்ளவாறே கொள்வன. ஆதலால் ஓர் அடைவில், கண்ணுக்கு ஒன்றேயான 'தொகுப்பு' இரண்டு இருத்தல் கூடும். அமைப்பில் ஒரு வகையாகவும் கோப்பில் மற்றொரு வகையாகவும் பெயர் அமைந்துவிட்டால், உள்ளவாறே ஒப்பிடும் கருவிக்கு அவை இரு வேறு பெயர்களே. எழுத்துப் பிழையைத் தேடித் தேடி மாணவன் அலுத்துப்போவான். பிழையோ எழுத்தில் இல்லை. விசைப்பலகைக்கு விசைப்பலகை இது வேறுபடலாம் என்பதால், பெயரை மீண்டும் தட்டெழுதாது கோப்பிலிருந்தே நகலெடுத்து ஒட்டுக. அன்றி, ஒகர ஓகார உயிர்மெய் வாராத 'ஆக்கம்' போன்ற பெயரைத் தெரிந்துகொள்க.

அறிவித்தது பயன் தந்ததா என அறிய இரு சோதனைகள் உள. பதிப்பானின் கீழ்ப்பட்டையில் வலப்புறம் 'மேக்ஃபைல்' என்னும் வகைப்பெயர் தோன்றுகிறதா எனக் காண்க. பின்னர் '-எஃப்' உடன் '-என்' என்பதனையும் சேர்த்து ஏவுக. மேக் கட்டளைகளை நிறைவேற்றாது, செய்யவிருப்பவற்றைத் திரையில் காட்டும்.